ஒரே பெயரில் இரண்டு மருந்துக் கவர்

மருந்துக் கடையில் பெயரைச் சொன்ன பிறகும் பிறந்த தேதி, போன் நம்பர் என்று கேட்கிறார்கள். "தெரிஞ்ச கடைதானேப்பா, எதுக்கு இத்தனை கேள்வி?" என்று போன வாரம் நீங்கள் சலித்துக்கொண்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன், பிள்ளைகளா.

எங்கள் குடும்பத்தில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். பெரியப்பாவும் தன் மகனுக்கு வைத்தார், அப்பாவும் எனக்கு வைத்தார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா, பெரியப்பா இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் எங்கள் இனிஷியலும் ஒன்று. ஊர் ஒன்று. வயதும் ஒன்று, எட்டு. வீட்டில் அவன் பெரியவன், நான் சின்னவன். பூதலூர் மெடிக்கலுக்கு அது எப்படித் தெரியும்?

பெரியவனுக்கு வலிப்பு உண்டு. காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும். எனக்கு அந்த வாரம் வெறும் சளிக் காய்ச்சல். நடவு நேரம். உரம் வாங்கப் போகிறவர்கள் போகும்போது மெடிக்கலில் சீட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது மருந்தை வாங்கிக்கொள்வார்கள். கடைக்கார அக்கா கவரில் பெயர் எழுதி, சீட்டை அதோடு பின் அடித்து வைத்திருப்பார். அன்று அப்பாவும் பெரியப்பாவும் தனித்தனியாகச் சீட்டுக் கொடுத்தது ஒருவருக்கொருவர் தெரியாது.

அப்பா கொண்டுவந்த மாத்திரையை அம்மா மதியம் எனக்குக் கொடுத்தாள். கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. படுத்துவிட்டேன்.

அடுத்த வீட்டில் பெரியம்மா பொழுது சாயும்போதுதான் தன் கவரைப் பிரித்தாள். தினமும் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை ஆயிற்றே, இது அது இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. பழைய மாத்திரை தீர்ந்து, பெரியவனுக்கு அன்று காலை வேளையே தவறியிருந்தது. எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து தன் மாத்திரையை வாங்கி அவனுக்குக் கொடுத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். எழுப்பினார்கள், நான் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போனேன்.

பெரியப்பாவும் அப்பாவும் ஒரே சைக்கிளில் மெடிக்கலுக்குப் பறந்தார்கள். அக்கா உடனே டாக்டருக்குப் போன் போட்டார். "பக்கத்துலயே இருந்து பாத்துக்கச் சொல்றாரு. மூச்சு சரியில்லன்னாலோ, எழுப்பியும் முழிக்கலன்னாலோ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரணுமாம்."

"பேரைப் பாத்துதானே வாங்கினேன்!" என்றார் அப்பா.

"எங்க அப்பா பேரை நான்தான்டா முதல்ல வச்சேன். நீ வேற பேரு வச்சிருந்தா இது வருமா?"

"அவரு எனக்கும் அப்பாதாண்ணே."

"அந்தச் சண்டைய வீட்ல வச்சுக்கங்க," என்றார் அக்கா. "சீட்டையும் பாத்துக் கேட்டுக் குடுக்காதது என் தப்பு. ரெண்டு புள்ளைங்க பிறந்த தேதியும் சொல்லுங்க."

"குறுவை அறுப்பு அப்ப," என்றார் பெரியப்பா.

"தாளடி நட்டு முடிச்ச சமயம்," என்றார் அப்பா.

"நான் கேட்டது தேதிண்ணே!"

மறுநாள் அம்மாவும் பெரியம்மாவும் நேரில் போய்த் தேதி சொல்லிவிட்டு வந்தார்கள். அதன் பிறகு அந்தக் கடையில் கவர் மேல் அப்பா பெயரும் பிறந்த தேதியும் இல்லாமல் எங்களுக்கு மருந்து வந்ததில்லை.

மாத்திரை மாறிய அன்று நான் கண் விழித்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் பெரியம்மா.

"சின்னவனே, என்னைத் தெரியுதாடா?"

"பெரியம்மா. அம்மா எங்க?"

"எங்க வீட்ல. பெரியவன் பக்கத்துல உக்காந்திருக்கா."

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவன் சிரிப்பது கேட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாத்திரையை மாற்றியது போதாதென்று அம்மாவையும் மாற்றிவிட்டார்கள் என்று உதைத்துக்கொண்டு அழுதேன். நான் உதைத்துத் தள்ளிய போர்வையை எடுத்துப் பெரியம்மா மறுபடியும் போர்த்திவிட்டாள். அந்த மாத்திரை ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று தெரிந்தவள் இரண்டு வீட்டிலும் அவள் ஒருத்திதான். எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்றிருந்த தன் மகனை விட்டுவிட்டு, என் மூச்சைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அன்று புரியவில்லை.