நாலு பேர் வாசித்த மேற்படி

என் மேசைக் கண்ணாடியின் கீழே ஒரு போட்டோக் கொப்பித் தாள் கிடக்கிறது. சுனாமிக்குப் பிறகு முகாமாகிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதப்பட்ட பதிவேட்டின் ஒரு பக்கம் அது. பெயர், வயது, ஊர் என்று மூன்று நிரல்கள். முத்து முத்தான கையெழுத்து. ஊர் என்ற இடத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை மேற்படி, மேற்படி, மேற்படி. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பார்கள். என் திமிர் அடங்கிய நாளின் சாட்சி என்று சொல்லிச் சிரிப்பேன்.

எழுதியவர் பெரியகல்லாற்று அக்கா. கடலோரத்தில் இருந்த அவருடைய வீடு அத்திவாரமும் மிஞ்சாமல் போயிற்று. புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் தப்பியதே பெரும் பேறு. முகாமில் யாருக்கு எழுத வரும் என்று கேட்டபோது கையை உயர்த்தியவர் அவர்தான். நூற்றுக்கணக்கானவர்கள், ஒரேயொரு பேனை, அதிலும் மை முடிகிற கட்டம். ஒரே ஊர்க்காரர் வரிசையாக வந்தால் முதல் ஆளுக்கு ஊரை எழுதிவிட்டு மற்றவர்களுக்கு மேற்படி என்று போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் எந்த அரசாங்கக் கந்தோரின் பதிவுப் புத்தகத்தைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதில் ஒரு பிழையும் இல்லை.

போர் குறுக்கே வந்து எல்லாவற்றையும் இழுத்தடித்தது. சண்டை ஓய்ந்த ஆண்டில்தான் பெரியகல்லாற்றில் நிரந்தர வீடுகள் கட்டி முடிந்தன. அதுவரை அக்கா குடும்பம் தகரக் கொட்டிலில் வெந்துகொண்டிருந்தது. நான் அப்போது மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு நிவாரணக் கந்தோரில் தரவுத்தளம் பார்க்கிற வேலையில் இருந்தேன். பழைய பதிவேடுகளை எல்லாம், மேற்படி உட்பட, எழுத்துக்கு எழுத்து கணினியில் ஏற்றியிருந்தோம். மேற்படி வருகிற வரிகளுக்கு ஊரைக் கண்டுபிடித்துச் சொல்ல நான் ஒரு சின்ன நிரல்துண்டு எழுதியிருந்தேன். ஃபங்ஷன் என்போம். கடைசியாகக் கண்ட ஊரை நினைவில் வைத்துக்கொண்டு, மேற்படி வந்தால் அந்த ஊரைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் புத்தி. வருஷக்கணக்காக ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

பிறகு வந்து இறங்கியது ஒரு புது சேர்வர்க் கணினி, நாலு புரொசெசர்களோடு. ஒரு கேள்வியை நாலு துண்டாகப் பிரித்து நாலு பேர் ஒரே நேரத்தில் தேடுகிற வசதி அதில் இருந்தது. என் ஃபங்ஷனை அப்படிப் பிரித்து ஓட்டலாம், ஒரு பயமும் இல்லை என்று தரவுத்தளத்துக்கு எழுதிக்கொடுத்தவள் நானேதான். தேத்தண்ணி ஆறுமுன் பட்டியல் வந்து விழுந்தது. கந்தோர் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன்.

திங்கட்கிழமை வீட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினோம். பெரியகல்லாறு என்று பதிந்தவர்களுக்குத்தான் அங்கே வீடு. அக்காவின் பெயர் இல்லை. அவர் குடும்பத்துக்கு வேறோர் ஊரான தன்னாமுனையைக் கணினி காட்டியது. அக்கா வந்து நின்றார். திரும்ப ஓட்டினேன், பெயர் இருந்தது. அப்பாடா என்று அச்சடிக்கப் போனால் அடுத்த ஓட்டத்தில் அவர் மறுபடி இல்லை, வேறு இரண்டு குடும்பங்களும் காணாமல் போயிருந்தன. அதே பதிவேடு, அதே கேள்வி, தரத்துக்கொரு பதில். எனக்குத் தலை வெடித்தது. வெள்ளிக்கிழமை பட்டியலில் கையொப்பம் விழும், அதன் பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது என்று மேலிடம் சொல்லிவிட்டது.

எங்கள் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த காத்தான்குடி நானா, கட்டாரில் பெரிய கம்பனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். "தங்கச்சி, உங்கட ஃபங்ஷன ஒருக்காப் பாருங்களன்" என்றார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். "அது சரியாத்தான் இருக்கு நானா, சேர்வருக்குத்தான் பேய் பிடிச்சிருக்கு" என்று பாய்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மூன்று நாள் சேர்வரைத் திட்டித் தீர்த்தேன். அக்கா தினமும் காலை பஸ்ஸில் வந்து வாசலில் நின்று கேட்பார்: "என்ன புள்ள, இண்டைக்கு நான் இருக்கனா, இல்லையா?" கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வியாழக்கிழமை மூலப் பதிவேட்டை அலுமாரியிலிருந்து எடுத்து அக்கா முன்னால் போட்டேன். ஆத்திரத்தில் நடுவில் ஒரு பக்கத்தை விரித்து, "இதில உங்கட ஊர் எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க" என்றேன். அவர் தன் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"நடுவுல திறந்து தந்தா எனக்கு மட்டும் என்னெண்டு தெரியும்? மேற்படி எண்டா மேல இருந்துதானே வாசிச்சு வரோணும், புள்ள" என்று சொல்லிப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார்.

நான் கதிரையை விட்டு எழும்பியது எனக்கே தெரியவில்லை. நாலு பேர்! பதிவேட்டை நாலாகக் கிழித்து நாலு பேரிடம் கொடுத்திருக்கிறேன். நடுவில் தொடங்குகிறவனுக்கு மேலே என்ன ஊர் என்று எப்படித் தெரியும்? முன்பு வாசித்த துண்டில் கடைசியாகக் கண்ட தன்னாமுனையையே அவன் பிடித்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு முறையும் துண்டுகள் வேறு வேறு ஆளிடம் போவதால்தான் பதிலும் மாறிக்கொண்டே இருந்தது. பேய் சேர்வரில் இல்லை, நான் எழுதிக்கொடுத்த உத்தரவாதத்தில் இருந்தது. "நானா, பிழை என்ரதான்!" என்று கத்தினேன். பிழையை ஒப்புக்கொள்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

நானா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். முதலில் ஒரே ஆள் மேலிருந்து கீழ்வரை வாசித்து, மேற்படி இருக்கிற ஒவ்வொரு வரியிலும் உண்மையான ஊரை எழுதிவைக்கச் செய்தோம். அதற்குப் பிறகு நாலு பேர் என்ன, நாற்பது பேர் பிரித்துத் தேடினாலும் பதில் மாறாது. பத்துத் தரம் ஓட்டினோம். பத்துத் தரமும் அக்கா பெரியகல்லாற்றில் இருந்தார். ஒவ்வொரு தரமும் அவர் பெயர் வந்ததும் நானா மேசையில் தட்டினார், அக்கா சின்னப்பிள்ளை மாதிரிக் கைகொட்டினார். பத்தாவது தரம் மூவரும் அழுதுகொண்டே சிரித்தோம். வெள்ளிக்கிழமை கையொப்பம் விழுந்தது. வீடு குடிபுகுந்த அன்று அக்கா வைத்த இறால் குழம்பின் ருசி இன்னும் என் நாக்கில் நிற்கிறது.

நானா இப்போது ஓய்வில் இருக்கிறார். தொலைபேசியில் சுகம் கேட்டால் "மேற்படி" என்று சொல்லி வெறுப்பேற்றுவார். அக்கா போன மாதம் கந்தோருக்கு வந்தார், தன் ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேருக்குத் தையல் பயிற்சிக்கு விண்ணப்பிக்க. இந்த மேசையில்தான், அந்தப் பழைய தாளுக்கு மேலேயே படிவத்தை வைத்து எழுதினார். அதே கையெழுத்து, கொஞ்சம் நடுக்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பெரியகல்லாறு, பெரியகல்லாறு என்று முழுதாக எழுதிக்கொண்டே போனார். ஏழாவது வரியில் கையை உதறினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மேற்படி எண்டு போடுங்களன். இப்ப கம்ப்யூட்டருக்கு விளங்கும்."

"விளங்கட்டும், புள்ள" என்றார் தலை நிமிராமலே. "எனக்கு என்ர ஊர எழுத ஆசையாக் கிடக்கு."

மிச்சம் ஐந்து வரியையும் எழுதி முடிக்கும்வரை நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.