அண்ணி எடுத்த லீவு

அண்ணி ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. யார் யாரோ விட்டுப்போன தலைமுடியையும் எச்சில் கோப்பைகளையும் அள்ளித்தான் எங்கள் வீட்டு வாடகையில் பாதி வருகிறது. நான் பட்டம் வாங்கியதும் அந்தக் கையால்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் வீட்டில் என் வாய் மட்டும்தான் உழைக்கிறது.

அண்ணிக்கு ஒரே ஓர் ஆசை. அடுத்தவர் விரித்த படுக்கையில் ஒருமுறை படுக்க வேண்டும். பள்ளி விடுமுறைக்கென்று லீவைச் சேர்த்து வைத்து, கடலோரத்தில் சின்ன விடுதி ஒன்றில் அறை சொல்லியிருந்தாள். பிள்ளைகள் இருவரும் பையைக்கூடக் கட்டிவிட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணன் அதை ரத்து செய்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வருஷம் பூரா ஏறி இறங்குகிறேன், லீவிலும் அலையணுமா என்றான்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எங்கும் போகாமல் வீட்டையே ஹோட்டலாக நினைத்துக் கொண்டாடுவதற்கு ஸ்டேகேஷன் என்று பெயர், இப்போது எல்லோரும் செய்கிறார்கள் என்றேன். படித்தவள் சொன்னதால் அது சட்டமாயிற்று. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

முதல் நாளே அண்ணன் விருந்தாளியாகிவிட்டான். காபி கட்டிலுக்கு வர வேண்டும். குளித்த துண்டைத் தரையில் எறிந்தான். ஹோட்டலில் தரையில் கிடந்தால் துவைக்கச் சொல்வதாக அர்த்தமாம். இந்த விவரமே அண்ணி சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டைக் கட்டிலடியில் விட்டார்கள். நானும் இரண்டாவது காபி கேட்டேன். ஏன் கேட்டேன்? கொடுக்கிற கை கொடுத்துக்கொண்டே இருந்தால் கேட்கிற வாய்க்குக் கூச்சம் விட்டுப்போகிறது போலும்.

அண்ணி சத்தம் போடவில்லை. பாத்திரங்கள் போட்டன.

இரண்டாம் நாள் அண்ணன் நண்பனிடம் ஃபோனில், இங்கே சர்வீஸ் கொஞ்சம் மந்தம்தான், ஆனால் வாடகை கிடையாது என்று சொல்லிச் சிரித்தான். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி துணியைப் பிழிந்தாள். அது அண்ணன் கழுத்தாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் காலை அவன் குளித்துவிட்டுப் பனியனோடு வந்தபோது கட்டில் மொட்டையாகக் கிடந்தது. விரிப்பும் தலையணை உறைகளும் ஓரமாகக் குவிந்திருந்தன. அவனுடைய பை வாசலுக்கு வெளியே நின்றது.

"செக் அவுட் நேரம் ஆச்சு சார்," என்றாள் அண்ணி.

அண்ணன் முதலில் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"விளையாடாத. சட்டைய எடு."

"சட்டை பையில இருக்கு."

"என் வீட்டுலயே எனக்குச் செக் அவுட்டா?"

"ஹோட்டல்னு நீங்கதான சொன்னீங்க. தங்க வந்தவங்க கிளம்பணும், வேலை செய்யறவங்கதான் உள்ள இருக்கலாம். வேலை செய்யறதா இருந்தா சொல்லுங்க, துடைப்பம் அங்க இருக்கு."

அவன் துடைப்பத்தைப் பார்த்தான். பிள்ளைகளைப் பார்த்தான். பெரியவன் சத்தமில்லாமல் தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை. துடைப்பம் எடுக்கிற வம்சத்தில் நான் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சட்டையை எடுக்க அண்ணன் வாசலைத் தாண்டினான். அண்ணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு கூடத்தில் ஒரு விரிப்பைப் போட்டு, பிள்ளைகளை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு படுத்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை, காய்ச்சலில்கூட.

வெளியே கதவைத் தட்டும் சத்தம் இடியாயிற்று. கொஞ்ச நேரத்தில் அண்ணன் ஜன்னலுக்கு வந்தான்.

"நீயாவது தொற. படிச்சவதான, நியாயம் தெரியாதா உனக்கு?"

தாழ்ப்பாளில் கை வைத்தேன். அண்ணி கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. தோள் இறுகியிருந்தது. திறந்தால் அவள் லீவு அதோடு சரி. எழுந்து காபி போடுவாள், ஆயுசுக்கும் போடுவாள். திறக்காவிட்டால் அண்ணன் என்னை மன்னிக்க மாட்டான். நியாயம் எந்தப் பாடத்திலும் இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றதில்லை.

"அண்ணி தூங்கறாங்க," என்றேன். "சாயங்காலம் வா அண்ணா."

"உன்ன படிக்க வச்சதுதான் தப்பு."

"படிக்க வச்சது அவங்க."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் சமையலறையில் குவிந்து கிடந்ததையெல்லாம் கழுவினேன். பழக்கமில்லாத கை, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிற்று.

வெயில் இறங்கியபின் அண்ணி எழுந்து வந்தாள். ஒரு டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"சோப்பு போகல. திரும்பக் கழுவு," என்றாள். பிறகு கூடத்துக்குப் போய் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.