சீனி இல்லாத சீனிக் குளிசை

மருந்துக் கடையில் மருந்துதான் விற்க வேண்டும் என்று நம்பி, ஓ.எல் சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தேன். பாதி நாள் போவது கல்யாண விசாரணைக்குப் பதில் சொல்வதில். என்னைப்போலக் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

குப்பை வாளியில் பெண் பார்த்தல்

"இது சீனி வருத்தத்துக்குப் போடுற சீனிக் குளிசைதானே? உண்மையச் சொல்லு, மகள்."

ஒரு மாமி வெறும் குளிசை அட்டையைக் கண்ணாடி மேல் வைத்தார். செட்டிபாளையத்தில் மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போய், குப்பை வாளிக்குள் எடுத்தாராம். பக்கத்தில் எங்கள் கடை உறையும் கிடந்ததாம். பெண் பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், வீடு வளவைப் பார்ப்பார்கள். குப்பை வாளியையும் பார்ப்பார்கள் என்று அன்றுதான் அறிந்தேன்.

பார்த்ததுமே விளங்கிவிட்டது. மெட்போமின். அந்த வீட்டுப் பெண் தர்சினி அக்காவுக்கு நான் கொடுத்தது. அலுமாரிக்குப் பின்னாலிருந்து முதலாளி குசுகுசுத்தார்: "சத்துக் குளிசை, விற்றமின் எண்டு சொல்லி அனுப்பு. நல்ல சம்மந்தம், குழம்பப்போகுது."

கதவைத் திறக்காத உடம்பு

தர்சினி அக்கா பாலர் பாடசாலை ரீச்சர். முதன்முதல் தாயோடு வந்தது சில மாதங்களுக்கு முன்பு. மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை, ஸ்கான் எடுத்ததில் சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். டொக்டர் எழுதியது மெட்போமின். தாய் இரத்தப் பரிசோதனைத் துண்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். சீனி இல்லையே, பிறகெதற்குச் சீனிக் குளிசை?

எனக்குப் பொறுமை கிடையாது, ஆனாலும் விளக்கினேன். இன்சுலின் வந்து கதவைத் தட்டுகிறது, உடம்பு திறப்பதில்லை. அதனால் உடம்பு இன்னுமின்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிச்சம் போய்ச் சூலகத்தைக் குழப்புகிறது. கதவைத் திறக்க வைக்கத்தான் குளிசை. தாய் கொஞ்சம் யோசித்தார்.

"இந்தக் காலத்தில ஆரு புள்ள, தட்டின உடன கதவத் திறக்கிற?"

சும்மா நடந்தவள்

குளிசை மட்டும் போதாதாம். உடம்புக்குள் வெளியே தெரியாத அழற்சியொன்று கனன்றுகொண்டிருக்கிறது, அதுவும் இன்சுலினை வேலை செய்ய விடாது, விடிய எழும்பி நட என்று டொக்டர் சொல்லியிருந்தார். டொக்டர் கொழும்பில் படித்தவர். அங்கே நடக்க இடமிருக்கும்.

அக்கா வாவிக் கரையால் நடந்தா. இராணுவக் காவலரணில் ஆமி மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். "சும்மா நடக்கிறன்" என்றா. சும்மா நடக்கிற ஆளை அந்த ஆமிக்காரர் எங்கள் ஊரில் கண்டதேயில்லை. ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் வந்து, இவ ரீச்சர் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதற்குள் அயல் முழுக்க, விடியவே ஆரைச் சந்திக்கப் போனாள் என்று விசாரணை. அடுத்த முறை குளிசை வாங்க வந்த தாய் சொன்னார்:

"காரணமில்லாம நடந்தா ஆமி பிடிக்குது, காரணம் சொன்னா ஊர் பிடிக்குது. நீ குளிசையத் தா, அவள் வீட்டு முத்தத்தில நடக்கட்டும்."

வெறும் வயிறு

சாப்பாட்டோடு போட வேண்டும் என்று உறையில் எழுதிக் கொடுத்தேன். உறையை வாசிக்கிற ஆள் இந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றில் குளிசையை விழுங்கிவிட்டு அக்கா பஸ் ஏறியிருக்கிறா. சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டபோது வயிறு கலக்கத் தொடங்கிவிட்டது. ஓடினால் ஆமி சுடுவான். நின்றால் மானம் போகும்.

பையைக் கிளறிய ஆமிக்காரர் குளிசைகளைக் கண்டுவிட்டார். சீனி வருத்தமா? இல்லை. அப்படியென்றால் இவ்வளவும் யாருக்குக் கொண்டுபோகிறாய்? தாய் என்னிடம் கேட்ட அதே கேள்வி, இப்போது தோளில் துவக்கோடு. ஒருவழியாகத் தப்பி, மலசலகூடமும் கண்டு, கடைக்கு வந்து கவுண்டரில் சாய்ந்தா.

"ஆமிக்கு என்ட சூலகத்தப் பத்தி வகுப்பு எடுத்திட்டு வாறன் புள்ள. இனி ஆரு கேட்டாலும் இது விற்றமின். நீயும் அப்படித்தான் சொல்லோணும்."

மாமிக்கு ஒரு கேள்வி

இனி அந்த மாமியிடம் வருவோம். நான் விற்றமின் என்று சொல்லவில்லை. ஆருடைய குளிசை என்றும் வாயைத் திறக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பேர் இருந்த பக்கம் கிழிந்துபோயிருந்தது.

"பேரே இல்ல. சீனிக் குளிசை எண்டு உங்களுக்கு எப்படி மாமி தெரியும்?"

மாமி வீதியைப் பார்த்தார். "நான் போடுறதுதானே."

"அப்ப உங்கட மகனுக்குப் பொண்ணு குடுக்கிற ஆக்கள் நாளைக்கு வந்து, தாய்க்கு என்ன வருத்தம் எண்டு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

முதலாளி அலுமாரிக்குப் பின்னால் இருமினார். மாமி அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"விற்றமின் எண்டு சொல்லு, மகள்."

தர்சினி அக்காவுக்கும் அந்த மாமியின் மகனுக்கும் கல்யாணம் நடந்தது, குளிசையும் நிற்கவில்லை. விற்றமின் என்று சொல்லும்படி முதலாளியும் பொம்பிளையும் மாமியாரும் எனக்குச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள், நான்தான் இன்னும் ஒருவருக்கும் சொன்னதில்லை.