புளி போட்டுத் தேய்த்த பரேடு கத்திகள்

பரேடு கத்தி என்றால் வெட்டுகிற கத்தி இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் விசேஷ உடுப்பு போடும்போது இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வது. முனை இருக்கும், கூர் இருக்காது. அவர்கள் கப்பலேறிப் போன பிறகு, அதெல்லாம் எந்தெந்த வழியாகவோ பூந்தமல்லியில் ஒரு பாயின் காயலாங்கடைக்கு வந்து சேர்ந்தது. அறுபதுகளின் நடுவில், என் மனைவி தவறிப்போன மறுவருடம், பழைய அரிக்கேன் விளக்கு ஒன்று தேடி அங்கே போனேன். சைக்கிள் ரிம்முக்கு அடியில் ஒரு கத்தி கிடந்தது. விளக்கை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசிவரை விளக்கு வாங்கவே இல்லை.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். குடியிருந்தது வரிசை வீடுகளில் கடைசி வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த நாலு சுவருக்குள் உட்கார முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவேற்காடு வழியாகப் பாய் கடைக்குப் போவேன். அந்தப் பக்கம் கூவத்தில் அப்போது கால் நனைக்கலாம். நனைத்துவிட்டுத்தான் போவேன். சீக்கிரம் போய் என்ன செய்யப்போகிறேன்?

கடையில் ஒரு கத்தியை எடுத்தால் வைக்க மனசு வராது. இப்படியே ஒவ்வொன்றாக வீட்டில் சேர்ந்தது. அலகில் எழுதியிருப்பதைப் படிக்க எனக்குப் படிப்பு இல்லை. விரலால் தடவித் தடவித்தான் பழகினேன். உறையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது ஒருத்தருடைய தொடையில் உரசி உரசி நடந்த கத்தி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பெட்டியிலேயே கிடந்தது. பிடியில் செதுக்கிய இலைகளின் இடுக்கில் பழைய தங்க முலாம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் ஒரு பழுப்பு ஏறியிருக்கும். அந்தப் பழுப்புதான் அதன் வயசு.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினே கீறியே! ஜாதகமும் கேப்பியா?" என்பார் பாய்.

"பல்லை மட்டும் பாத்துட்டுத் தர்றேன் பாய்" என்பேன். அந்த வாரம் முழுக்க நான் வாய்விட்டுப் பேசியது அவ்வளவாகத்தான் இருக்கும்.

அந்தக் கடையில்தான் பட்டணத்துப் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அவரும் கத்தி சேர்க்கிறவர். நான் உறையைத் தடவுவதைப் பார்த்து, "உங்ககிட்ட இன்னும் இருக்கா? ஆயுத பூஜை கழிஞ்சு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர்றேன்" என்றார். என் வீட்டுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்து வருடக்கணக்காகியிருந்தது. கம்பெனி மேஸ்திரியிடம் ஒரு நாற்காலி இரவல் கேட்டு வைத்தேன். எந்தக் கத்தியை முதலில் காட்டுவது, எதைப் பற்றி என்ன சொல்வது என்று லேத்தில் நின்றபடியே மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீடு திறந்திருந்தது. சாவி எப்போதும் பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான் இருக்கும். குழாயில் தண்ணீர் வந்தால் என் குடத்தையும் நிரப்பி வைக்கும். உள்ளே போனால், மணையில் என் கத்தி எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ. எல்லாம் பளபளவென்று மின்னுகிறது.

"இன்னாண்ணா, முழிக்கிறே? உன் கத்திங்கதான்!" புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா சிரித்தது. "ஊருல எல்லார் ஊட்லயும் பூசை. உன் ஊடு மட்டும் எழவு ஊடு மாதிரி கீது. புளியும் செங்கல்பொடியும் போட்டு ஒரு தேய் தேய்ச்சேன். இன்னா அழுக்கு, யப்பா! கை எரிச்சலே இன்னும் போவல."

தங்கம் இல்லை, பழுப்பு இல்லை. அலகில் கீறியிருந்த பூங்கொடியைத் தேடினேன், விரலுக்குத் தட்டுப்படவில்லை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா கீதும்மா" என்றேன்.

பெரியவர் சொன்னபடி வந்தார். ஒன்றை எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பினார், வைத்தார். இன்னொன்றை எடுக்கவில்லை.

"அடடா. யாருப்பா இப்படித் தேய்ச்சது?"

"நான்தான் சார்."

"நீங்களா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்பினாரோ இல்லையோ. கலர் சோடாவில் பாதி குடித்தார், மழை வரும்போலிருக்கிறது என்றார், போய்விட்டார். நாற்காலியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"வந்தவரு இன்னா சொன்னாரு?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது அந்த அம்மா.

"யாரு தேய்ச்சதுன்னு கேட்டாரு."

"பாத்தியா!"

அடுத்த பூஜைக்கு நானே புளி வாங்கிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த பூஜைக்கும் கொடுத்தேன். அந்த ஒரு நாள் என் வீட்டில் ஊதுபத்தி வாசனை இருக்கும், வளையல் சத்தம் கேட்கும். பிறகு அந்த அம்மாவின் குடும்பம் வேப்பம்பட்டில் மனை வாங்கிக் குடிபோய்விட்டது. போகிற அன்று அந்த அம்மா சாவியை என் கையில் கொடுத்து, "குடத்தை மூடி வெய்ண்ணா" என்றது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கத்திகளை நானே எடுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தேய்ப்பதற்கு அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் புளி கரைத்தேன்.