மல்லாட்டைக் கொல்லையில் மண் இலக்கியம்

காணை பஸ்ஸில் செண்பகம் ஏறினால் கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கையில் தயாராக எடுத்து வைத்துக்கொள்வார். செண்பகத்தின் வாய் அப்படி. எங்கள் தெருக்காரர், எனக்குச் சித்தி முறை. பாதி வாழ்நாள் அடுத்தவர் கொல்லையில் களை எடுத்தவர், இந்த வருஷம்தான் வெங்கடாசலத்தின் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து மல்லாட்டை போட்டிருந்தார். கடலை நன்றாகக் காய் பிடித்தால் அடுத்த வருஷமும் பயிர் வைக்கலாம். இல்லையென்றால் பழையபடி களைக்கொட்டுதான்.

வெங்கடாசலம் விழுப்புரத்தில் குடியிருக்கிறார். மண்ணைப் பற்றிய புத்தகங்களை மட்டுமே படிக்கும் வாசகர் வட்டத்துக்குத் தலைவர். மண்புழு வரும் பக்கத்தில் அவருக்குக் கண் கலங்கிவிடும். மண் இலக்கியத்தை மண்ணில் உட்கார்ந்தே பேச வேண்டும் என்று போன ஞாயிறு அந்தக் கொல்லையிலேயே கூட்டம் போட்டார். தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என்னையும் பேச அழைத்திருந்தார்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

திண்டிவனத்திலிருந்து வேன் வந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் போலச் செருப்பை வரப்பில் கழற்றி வைத்தார்கள். பிறகு பூத்திருந்த மல்லாட்டைச் செடிகளின் மேலேயே ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தார்கள்.

செண்பகம் மண்வெட்டியோடு வந்தார்.

"ஏண்ணே, பூவு விழுது வுட்டு மண்ணுல எறங்குற நேரம். இப்ப மிதிச்சா எங்க காய் புடிக்கும்? உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா." வெங்கடாசலம் குரலைத் தணித்தார். "கொஞ்ச நேரம். பெரியவங்கல்லாம் வந்துக்கினு இருக்காங்க. அடுத்த வருஷமும் நிலம் வேணும் இல்ல?"

செண்பகம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார். அந்த வாய் மூடியதை நான் பார்த்தது அன்றுதான்.

முதல் பேச்சாளர் பூமித்தாயின் மடியில் தொடங்கி நதிக்கு வந்தபோது த்ரீ பேஸ் கரண்ட்டும் வந்தது. மோட்டார் ஓடியது, மடை திறந்தது. நதியின் கருணையை அவர் வர்ணித்து முடிப்பதற்குள் ஜமுக்காளம் நனைந்துவிட்டது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண் இலக்கியம் மொத்தமும் வரப்பேறியது.

"என்ன செண்பகம் இது?"

"கரண்டு வர்றப்பதானண்ணே தண்ணி வுட முடியும்? விழுது எறங்க ஈரம் வேணும். நீ பேசிக்கினு இரு, எனுக்கென்னா பேஜாரு."

விருந்தினர்கள் முன்னால் வெங்கடாசலத்தால் சிரிக்க மட்டுமே முடிந்தது. செண்பகம் ஜமுக்காளத்தை உருவி எறிந்துவிட்டு, நசுங்கிய செடிகளை நிமிர்த்தத் தொடங்கினார். திண்டிவனத்து எழுத்தாளர் ஒருவர் நெகிழ்ந்துபோய், செல்போனை நீட்டியபடி மறுபடியும் கொல்லைக்குள் இறங்கினார்.

"அம்மா, நீங்கதான் இந்த மண்ணோட குரல். அடுத்த கட்டுரை உங்களப் பத்திதான்."

செண்பகம் நிமிராமலே சொன்னார்:

"எழுதுப்பா, நல்லா எழுது. வரப்புல நின்னுக்கினு எழுது."