வீட்டுக்கு வந்த வெடிமருந்து

விஸ்வநத்தத்தில் நான் பட்டாசு வேலை பார்த்த காலம் அது. தீபாவளி சீசனுக்கு ஆர்டர் குவிந்ததும், போர்மேன் எங்கள் தெருவுக்கே வந்தார்.

“இனிமே கம்பெனிக்கு வர வேண்டாம்மா. மருந்தை வீட்டுக்கே கொண்டாந்து தாரோம். பிள்ளைகளையும் பாத்துக்கிட்டு வெடி அடைங்க,” என்றார். புது ஷெட் கட்டாமலே முதலாளிக்கு இரண்டு மடங்கு சரக்கு கிடைத்தது. எங்களுக்கும் அது வசதியாகத்தான் பட்டது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீடு வெடித்தது. கூரை ஓடுகள் என் வாசலில் விழுந்து சிதறின. என்னோடு வேலை பார்த்த அந்த வீட்டுக்காரி, எரியும் சேலையோடு தெருவுக்கு ஓடிவந்தாள். ஈரச் சாக்கைப் போர்த்தி அவளைக் கீழே தள்ளி உருட்டினேன். அவள் வலது கையில் விரல்களே இல்லை.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் போர்மேன் வந்துவிட்டார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், புகைக்குள் கிடந்த கம்பெனி லேபிள்களைப் பொறுக்கினார்.

“என்ன செய்யுதீக?” என்று கத்தினேன்.

“அவ வீட்ல நடந்ததுக்குக் கம்பெனி என்னம்மா செய்யும்?”

உடைந்த ஓட்டுத் துண்டை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். லேபிள்களைப் போட்டுவிட்டு ரத்தம் வழிய ஓடினார். அவற்றைப் போலீஸிடம் நான்தான் கொடுத்தேன். முதலாளி கைதானார், அவளும் பிழைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் எனக்கு வேலை தரவில்லை.