அக்கா படித்த நாவல்

எனக்கு இப்போது தமிழ் படிக்க வரும். போன வருஷம் வரை வராது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து, வீட்டில் தமிழே பேசி வளர்ந்தவன்தான். பள்ளிக்கூடம் மட்டும் கன்னடம். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா தமிழில் படித்தாள். என் முறை வருவதற்குள் அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். தமிழில் கல்யாணப் பத்திரிகை வந்தால், கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சொல்லி மனைவியிடம் நீட்டிவிடுவேன்.

இப்படிப்பட்ட ஆள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? நான் சிறுவயதிலிருந்து உயிராக நினைத்த ஒரு பழைய நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். பார்த்துவிட்டு வந்து, கதையையே கெடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒரு வாரம் கத்தினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அல்சூரில் வாசகர் கூட்டம் நடத்துகிறவர். வரும் ஞாயிற்றுக்கிழமை நாவலையும் படத்தையும் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும் என்றார். பெருமை தாங்காமல் தலையை ஆட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அந்த நாவலை நான் படித்ததே இல்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அக்கா தினமும் ஒரு அத்தியாயம் படிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான். யாராவது ஒரு பக்கத்தைக் காட்டி எதையாவது கேட்டால் என்ன செய்வேன்? ஐம்பது வயதில், தமிழ்க் கூட்டத்தில், தமிழ் படிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்க வேண்டுமா? லிங்கராஜபுரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து, கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவள் பிடி கொடுக்கவில்லை. கூட்டத்துக்காரர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, போகாமல் இருந்துவிடு என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. போகத்தான் போகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் இருந்தார்கள். கூப்பிடாமலே அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச ஆரம்பித்ததும் பேச்சு தானாக வந்தது. படத்தில் நாயகனின் அம்மாவை அநியாயமாகச் சாகடித்துவிட்டார்கள், நாவலில் அவள் காய்ச்சல் தெளிந்து எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பாள், அந்த இடம்தான் நாவலுக்கே உயிர் என்று அடித்துச் சொன்னேன்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். முகத்தில் கேலி இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“இதுல அந்தம்மா செத்துதான் போறாங்க சார். நீங்களே படிங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். அது என் மூக்கின் மேலேயே இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

அக்கா எழுந்து நின்றாள்.

“அவனுக்குத் தமிழ் படிக்க வராதுங்க. நான்தான் படிச்சிக் காட்னேன்.”

காது இரண்டும் சுட்டது. இத்தனை வருஷம் மறைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே என்று அவள் மேல் ஆத்திரம்தான் வந்தது. உட்கார் என்று கையைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை. ஆசிரியரைப் பார்த்துப் பேசியவள், என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி அவரிடமே சொன்னாள்.

“அந்த எடம் வந்தப்ப எங்கம்மா போயி ரெண்டு மாசம்கூட ஆவலை. இவன் பக்கத்துல குந்திக்கினு, ‘அந்தம்மா பொழைச்சிடுவாங்களாக்கா’ன்னு கேட்டுக்கினே இருந்தான். நான் இன்னா பண்றது? பொழைச்சிட்டாங்கன்னு படிச்சிட்டேன்.”